மூலைக்கடை றமீஸ்

றமீஸ் தன் இயந்திரத்தைத் துடைக்கும்போது இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. கை குழாயின் மேல் வட்டமிடும். கண் எதிர்வரிசையில் நிற்கும். அங்கே எட்டுப் பேர் நின்றால் துணி மெதுவாக நகரும். இருபது பேரானால் வேகம் பிடிக்கும். "சேர், அங்க எத்தின பேர் நிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்பார். எத்தனை பேர் என்று அவருக்கே தெரியும். என் வாயால் ஒன்றிரண்டு குறைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மட்டக்களப்பு வாவிக்கரை மைதானத்தில் மூன்று நாள் வர்த்தகக் கண்காட்சி. வந்தாறுமூலையிலிருந்து பரீட்சை வழிகாட்டிப் புத்தகங்களோடு நானும் போய் ஒரு கடை போட்டிருந்தேன். விடுமுறைக் காலத்தில் பரீட்சைப் புத்தகத்தை யார் தேடி வருவார்கள்? எனவே பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் நிறைய இருந்தது.

றமீஸ் ஏறாவூர்க்காரர். வயது நாற்பத்தாறு. கத்தாரில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, வீடுகளுக்குப் பொருத்தும் ஃபில்டர் இயந்திரம் விற்கிறார். கச்சான் காற்று அனலாய் வீசும் நாளிலும் நீளக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். நெஞ்சில் 'முகாமையாளர்' என்று ஓர் அட்டை. அவருடைய சொந்த நிறுவனம்; அவரைத் தவிர அதில் வேறு ஆள் இல்லை. சட்டைப் பையில் பேனை மாதிரி ஒரு கருவி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை இலக்கத்தில் காட்டும். அதை எதற்குள்ளும் விட்டுப் பார்ப்பார். முதல் நாள் காலையில் என் தேநீருக்குள் கேட்காமலே விட்டார். இலக்கத்தை உற்றுப் பார்த்தார். "குடிங்க சேர், பயமில்ல" என்று கோப்பையைத் திருப்பித் தந்தார்.

ஆட்களைக் கடைக்கு இழுப்பது எப்படி என்று கைத்தொலைபேசியில் பல இரவுகள் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தவர் அவர். படித்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். வாசலுக்குப் பக்கத்து மூலைக்கடையைக் கூடுதல் கட்டணம் கொடுத்து எடுத்தது அந்தக் கொப்பியின் முதல் வரி. பிறகு நீலமும் வெள்ளையுமாகப் பலூன் வளைவு, அதிர்ஷ்டச் சீட்டுப் பெட்டி, 'சுத்தமான நீர், சுகமான வாழ்வு' என்று அவர் குரலிலேயே ஓயாமல் சொல்லும் ஒலிபெருக்கி. இலவசமாகக் குடிக்க, கடதாசிக் கப்பில் குளிர்ந்த தண்ணீர். கடைசி வரி 'சிரிக்கவும்'. அதை மட்டும் மறந்துவிடுவோமோ என்று உள்ளங்கையிலும் பேனையால் எழுதியிருந்தார். யாராவது நெருங்கினால் கையைப் பார்ப்பார். பிறகு சிரிப்பார். அதற்குள் வந்தவர் போய்விடுவார்.

எதிர்க்கடை அவருடைய மனைவி ஷாகிராவுடையது.

கடை என்றுகூடச் சொல்ல முடியாது. பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்த வரிசையில் மிஞ்சிய ஒரு மேசை. கணவருக்கு உதவியாகத்தான் அவர் வந்திருந்தார். "சும்மா குந்தியிரிக்காம நீயும் நாலு போத்தலக் கொண்டு வந்து வெய்யன் புள்ள" என்று சொன்னவரே றமீஸ்தான். ஷாகிரா கூனிச் சம்பல் கொண்டுவந்தார். வாவியில் படும் பொடி இறாலைக் காயவைத்து, வறுத்து, மிளகாய் சேர்த்து இடித்தது. ருசி பார்க்க ஒரு தட்டில் விசுக்கோத்துகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் நகக்கண் அளவு சம்பல் வைத்தார். பலூன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சாமானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "எந்த ஊர்கா நீங்க? வவுணதீவா? வட்டைக்குத் தண்ணி பாஞ்சிட்டா?" என்றுதான் தொடங்குவார். வந்தவர்கள் தங்கள் வயலையும் வாய்க்காலையும் சொல்லிக்கொண்டே தின்பார்கள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள்.

அங்கே சிரிப்புச் சத்தம் எழுந்தால் இங்கே ஒலிபெருக்கியின் சத்தம் கூடும். அங்கே ஒருவர் இரண்டு போத்தல் வாங்கினால் இவர் பலூனைச் சரிசெய்யப் போய்விடுவார். "சும்மா திங்க வாற கூட்டம் சேர் அது" என்றார். "ஒசத்தியான சாமானுக்குக் கூட்டம் வராது. யோசிக்கிற ஆள்தான் வரும்." அது யாருடைய கடை என்று யாராவது கேட்டால், "எங்கட வீட்ட ஆக்கள்" என்பார். பெயர் சொன்னதே இல்லை.

முதல் நாள் மதியம்வரை அவர் பக்கம் ஈ காக்கை இல்லை. பிற்பகலில்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். மாலையில் றமீஸ் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கப்புகளை எண்ணினார். இருநூற்று ஆறு. "பாத்தீங்களா சேர்! கொப்பியில எழுதினது வேல செய்யிது." மறுநாள் மதியத்துக்குள்ளேயே முந்நூறு தாண்டிவிட்டது. மனைவியின் மேசையைப் பார்த்து அவர் முதன்முறையாகக் கையைப் பார்க்காமல் சிரித்தார்.

அன்று பிற்பகல் சித்தாண்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். கண்ணிரண்டும் கலங்கியிருந்தன. வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டே கையை நீட்டினார்.

"கெதியாத் தண்ணி தா மனே. அந்தப் புள்ளட சம்பல் நாக்கப் பிடுங்கிது."

குடித்தார். இன்னொரு கப் கேட்டார். அதையும் குடித்துவிட்டு இயந்திரத்தை ஏறிட்டும் பாராமல் மீண்டும் சம்பல் மேசைக்கே போனார்.

றமீஸ் கூடைக்குள் கையை விட்டு ஒரு கப்பை எடுத்தார். விளிம்பில் சிவப்பு எண்ணெய் படிந்திருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ கப்போடு நிறுத்திவிட்டார். அன்று மாலை அவர் எண்ணவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு கப்கூட வெளியே இல்லை. ஒலிபெருக்கியும் பேசவில்லை. குழாயில் ஓர் அட்டை தொங்கியது: 'காட்சிக்கு மட்டும்'. தண்ணீர் தேடி வந்தவர்களிடம், "இது குடிக்கிறத்துக்கில்ல, பாக்கிறத்துக்கு" என்றார். யாரும் பார்க்கவில்லை. பத்து மணிக்குப் பிறகு யாரும் வரவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷாகிரா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், ஆக்கள் தண்ணி கேக்கிதுகள். ஏன் பூட்டின?"

"ஒன்ட ஆக்களுக்குத் தண்ணி ஊத்தவா நான் கத்தார்ல இரிந்து வந்த?" என்றார் றமீஸ். குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் நான் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

ஷாகிரா 'காட்சிக்கு மட்டும்' அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மொத நாள் பகல் வரைக்கும் நீங்க தனிச்சிக் குந்தியிரிந்தீங்க. எனக்குப் பாக்க ஏலாமப் போச்சி. அதுக்குத்தான் தட்டில வெய்க்கிற சம்பலுக்கு மட்டும் கொச்சிக்காத் தூளக் கூட்டிப் போட்டன். ஒறச்சா தண்ணி தேடி இஞ்சால வருவாங்கதானே? போத்தல்ல இரிக்கிறது எப்பவும் போலதான்."

"அப்ப இந்தச் சனம் முழுக்க நீ அனுப்பின சனமா?"

"வாறவங்கள நிப்பாட்டிக் கதைக்கிறது ஒங்கட வேல. அதுக்கும் நானா வாற?" என்று சொல்லிவிட்டு ஷாகிரா திரும்பி நடந்தார்.

றமீஸ் நெடுநேரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சிலிருந்த அட்டையைக் கழற்றினார், மறுபடி குத்தினார். பிறகு எழுந்து, நேரே போய், எதிர்க்கடை வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் ஒன்பது பேர். ஒருவரையும் முந்தவில்லை. அவர் முறை வந்ததும் ஷாகிரா மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே ஒரு விசுக்கோத்தை எடுத்துக் கொடுத்தார். சம்பலை மட்டும் கொஞ்சம் தூக்கலாக வைத்தாரோ என்னவோ. றமீஸ் முழுவதையும் ஒரே வாயில் போட்டார். முகம் சிவந்தது. காது சிவந்தது. கண்ணீர் கோடாக இறங்கியது.

"ஒறப்புக் காணாது புள்ள" என்றார். மனைவி பதில் சொல்வதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

வந்து குழாயில் தொங்கிய அட்டையைக் கழற்றி எறிந்தார். கப்புகளை அடுக்கினார். அதற்குள் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற வவுணதீவு விவசாயி ஒருவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முதல் கப் அவருக்குப் போனது. அவர் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, இயந்திரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இது என்ன மெசின் தம்பி? எங்கட கிணத்துத் தண்ணி ஒரே உவர். அதுக்குச் சரிவருமா?"

மூன்று நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். றமீஸ் வாயைத் திறந்தார். உறைப்பில் நாக்கு எழவில்லை. 'பொறுங்கள்' என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு கப் தண்ணீரைப் பிடித்து, அண்ணாந்து, அந்த மனிதரின் கண் முன்னாலேயே மடமடவென்று குடித்தார். விரல் உயர்ந்தபடியே நின்றது. மற்றக் கை மறுபடி குழாயைத் திறந்தது.