தீவு தாழாத விளையாட்டு

கடல் வந்த அன்று நான் முதலில் செய்த காரியம், கணினியின் சத்தத்தைக் குறைத்தது. இரைச்சல் ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது என்று நம்பினேன். குறைத்தும் கேட்டது. முழுவதும் அணைத்தும் கேட்டது. அப்போதும் புத்தி வரவில்லை. வயரைப் பிடுங்கி, ஒலிபெருக்கியைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தேன்.

இதைச் சொன்னால் இன்றும் ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இதற்குப் பிறகு நான் நம்பியதைச் சொல்லும்போதுதான் சிரிப்பு நிற்கும்.

பெரியகல்லாறு ஒரு ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழியான வாவி, நடுவில் பெரிய ரோட்டு. அந்த ரோட்டோரத்தில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் புருஷன்மாரோடு பெண்கள் வந்து போனில் பேசி அழுதுவிட்டுப் போவார்கள். ஒரு போட்டோகொப்பி மெசின், இரண்டு கணினி. அவற்றில் ஒன்று வாடிக்கையாளருக்கு. மற்றது என் கடற்படைக்கு.

அந்த விளையாட்டைக் கொழும்பிலிருந்து வந்த ஒரு கள்ளக் குறுந்தட்டில் பிடித்தேன். ஒரு தீவுக்கூட்டமும் சில போர்க்கப்பல்களும் நம் கையில் தரப்படும். விருப்பமென்றால் ஒரு கப்பலின் பீரங்கிக்குப் பின்னால் நாமே போய் நின்று சுடலாம். அலுத்துப்போனால் ஒரு விசையை அமத்தி ஆகாயத்துக்கு ஏறி, முழுக் கடலையும் வரைபடமாகப் பார்த்து, நீ இங்கே போ, நீ அங்கே மறி என்று கட்டளை கொடுக்கலாம். ஆனால் நேரம் நிற்காது. சதுரங்கம் போலத் தாடையைத் தடவிக்கொண்டு இருக்க முடியாது. ஒரு பீரங்கியில் நாம் மெய்மறந்து நிற்கிற நேரம் மற்றக் கப்பல்கள் எல்லாம் கடைசியாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு போகும், பாறையில் மோதும் வரைக்கும்.

எங்கள் சொந்தக் கடலில் எங்களுக்கு எந்தக் கட்டளையும் கிடையாது. பாஸ் இல்லாமல் இறங்க முடியாது, கடற்படைப் படகைக் கண்டால் இரண்டு கையையும் தூக்க வேண்டும். சமாதான காலம் என்று கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தால் மட்டும் நான் தளபதி. நாற்பதைத் தொட்ட, கலியாணம் கட்டாத, அக்கா வீட்டில் மூன்று நேரமும் சாப்பிடுகிற தளபதி.

அக்கா சோறு கொண்டுவந்து கடை வாசலில் நின்று திட்டுவாள்.

“டேய், நீ இவ்வளவு நாளும் கப்பல் ஓட்டி ஒரு கீரிமீனாவது பிடிச்சிரிக்காயா?”

“இது சண்டைக் கப்பல் அக்கா. மீன் பிடிக்காது.”

“சண்டை பாக்கிறதுக்குக் காசு குடுத்துக் கரண்டை எரிக்கிறாய். வாசலுக்கு வந்தா சும்மா பாக்கலாமே.”

அத்தான், அதாவது அவளுடைய புருஷன், மீன்பிடிகாரர். இயந்திரத் தோணி ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் அவரையும் பிடித்து இருத்தி விளையாட விட்டேன். எதிரிக் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரிந்ததுமே தன் கப்பல்கள் அத்தனையையும் திருப்பித் தீவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிட்டார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

“என்ன அத்தான் இது! சுடுங்க!”

“சுட்டா அவன் திருப்பிச் சுடுவான் மச்சான். கரைக்கு வந்திட்டா வீட்ட போய்ச் சாப்பிடலாம்.”

“இது விளையாட்டு அத்தான்.”

“ஓம், விளையாட்டுத்தான். மறுகா என்னத்துக்குச் சாகிற?”

அவர் அப்படி ஓடி ஒளித்ததை ஊரெல்லாம் நடித்துக் காட்டினேன். ஆனால் உள்ளுக்குள் நானும் அவருடைய கட்சிதான். எவ்வளவோ நாள் விளையாடியும் அந்தத் தீவு தாழ்ந்ததை நான் கண்டதில்லை. கப்பல் தாழும், விமானம் விழும், தீவு அப்படியே இருக்கும். கடலில் நிற்பவன் சாவான், கரையில் நிற்பவன் பிழைப்பான். விளையாட்டு எனக்குச் சொல்லித்தந்தது அது. யுத்தமும் அதையேதான் சொல்லித்தந்திருந்தது.

அன்று பூரணை. நிலவு காலத்தில் வலையில் மீன் விழாது என்று அத்தான் தூண்டிலோடு தூரக் கடலுக்குப் போயிருந்தார். பூரணை தவறாமல் அக்கா வாவிக்கரைக் கோயிலுக்குப் பொங்கப் போவாள். நான் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சண்டையில் இருந்தேன்.

ஒலிபெருக்கியைக் குலுக்கிக்கொண்டு நின்றபோது ரோட்டில் ஆட்கள் ஓடினார்கள். கடல் பக்கமிருந்து வாவிப் பக்கம். ஒருவர் வாயிலும் சொல் இல்லை, ஓலம் மட்டும். நான் உடனே முடிவு கட்டினேன்: சமாதானம் முடிந்தது, கடலில் சண்டை, கரையை நோக்கி அடிக்கிறார்கள்.

ஷெல் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குப்புறப் படு. காதைப் பொத்து. வாயைத் திறந்து வை, இல்லாவிட்டால் அதிர்ச்சியில் காதுச் சவ்வு கிழிந்துவிடும். மேசைக்குக் கீழே போய்ப் படுத்தேன். காதைப் பொத்தினேன். வாயை ஆவென்று திறந்து வைத்தேன். சுனாமியை ஒரு மனிதன் இதைவிட வசதியாக வரவேற்றிருக்க முடியாது. மேலே திரையில் என் கப்பல்கள் கடைசியாகச் சொன்ன திசையில் போய்க்கொண்டிருந்தன.

ரோட்டில் ஓடியவர்களிலும் சிலர் சத்தம் கிட்ட வந்ததும் பழக்கத்தில் விழுந்து படுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களில் எழும்பியவர்கள் குறைவு.

தண்ணீர் கறுப்பாக வந்தது. முதல் மிடறு நேராகத் தொண்டைக்குள் போனது. மேசை மிதந்தது, நானும் மிதந்தேன், போட்டோகொப்பி மெசின் என் காலில் இடித்துவிட்டுப் போனது. இன்னமும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை என்பது யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தபோதுதான் தெரிந்தது.

பக்கத்துப் புடைவைக் கடை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காத்தான்குடிக்காரர். அவருடைய கடைக்கு மட்டும்தான் மேலே கொங்கிறீட் தட்டு இருந்தது. பாதிப் படியில் நின்றுகொண்டு என்னைத் தூக்கினார்.

“வாய மூடு தம்பி! கடல் முழுக்க ஒனக்குள்ளதான் போகுது!”

மூடினேன். அவர் சொல்லியிராவிட்டால் மூடியிருக்க மாட்டேன்.

தட்டில் ஏறி நின்று பார்த்தோம். ரோட்டு இல்லை. கடல் வாவிக்குள் போய்க்கொண்டிருந்தது. கூரைகள், தோணிகள், ஒரு மாடு, ஒரு தையல் மெசின், பிறகு ஆட்கள். முதலில் எண்ணாமல் பார்த்தேன், பிறகு பார்க்காமல் இருந்தேன். நானா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓத ஒன்றும் வரவில்லை. கோமாளிக்குப் பயம் வந்தால் கோமாளித்தனமாகத்தான் வரும்: கடைச் சாவி பத்திரமாக இருக்கிறதா என்று காற்சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றேன். கடை எங்கள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் வற்றத் தொடங்கியபோது நான் அழுதேன்.

“என்ன தம்பி? ஆர்?”

“அத்தான் நானா. கடலுக்குப் போனவர். கரையிலயே இப்பிடியெண்டா கடலில நிண்டவரு எப்பிடி நானா தப்புவாரு?”

“அல்லா காவல். அக்கா எங்க?”

“அவ கோயில்ல. பூரணைக்கு அங்கதான் இரிப்பா. கோயில் மேடு, அங்க வந்திராது.”

நானா என் முதுகைத் தடவினார்.

இன்னொரு அலை வரும் என்று கத்தினார்கள். எல்லோரும் மேற்கே போனார்கள். நான் கிழக்கே போனேன். வீரத்தில் அல்ல. அத்தானுடைய உடல் கரை ஒதுங்கினால் அக்கா காண்பதற்கு முன் நான் காண வேண்டும் என்ற பயத்தில். முறிந்த கூரைகள் மேலும் கம்பிவேலி மேலும் ஏறி இறங்கிப் போகும்போது, அவளுக்கு எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். “அக்கா, மனதைத் திடப்படுத்து” என்று தொடங்கினால் வானொலி நாடகம் போல இருக்கும். “அக்கா, அத்தான் வரமாட்டார்” என்றால் நான் பகிடி விடுகிறேன் என்று நினைப்பாள். வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டவனுக்கு வருகிற தண்டனை இது: உண்மையைச் சொல்லக் குரல் இராது.

அக்காவின் வீடு இருந்த இடத்தைக் கடந்தேன். அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மட்டும் கிடந்தன. அந்த இடத்தில் நின்று ஒரு பெருமூச்சு விட்டேன், நல்ல காலம் அவள் கோயிலுக்குப் போனாள் என்று. வீடு போனால் கட்டலாம். அந்தப் பயங்கரத்துக்குள் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

கரையில் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிலத்தில், சேற்றில், தென்னை வேர்களுக்கிடையில் தேடினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் ஒருவன் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் என்னைக் கடந்து போகும்போது, “இவனுக்கு மனம் பிசகிப்போச்சு கா” என்று மற்றவளுக்குச் சொன்னாள். கடல், ஒன்றும் செய்யாத பிள்ளை போல, அமைதியாகக் கிடந்தது. ஆகாயத்துக்கு ஏறி முழுக் கடலையும் பார்க்க ஒரு விசை இருந்தால் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

சில வருடங்கள் கழித்து, யுத்தம் வடக்கே ஒரு மணல்திட்டுக்குள் ஒடுங்கி முடிந்துகொண்டிருந்த மாதங்களில், தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் வரைபடம் காட்டினார்கள். நிலம் சுருங்கச் சுருங்க ஒரு நிறம் மறையும், மற்ற நிறம் பரவும். கடல் பக்கம் சின்னக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பயந்தாங்கொள்ளி என்றார்கள், சரிதான் என்றேன். வரைபடத்தில் ஆட்கள் தெரிவதில்லை. அந்தக் கரையில் யார் யாரைத் தேடினார்கள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எந்த நிறமும் சொல்லவில்லை.

அன்று கரையில், வெயில் ஏறிய பிறகு, தெற்குப் பக்கமாக ஒரு இயந்திரச் சத்தம் கேட்டது. ஒரு தோணி. கரையோடு வந்து, நின்று, திரும்பி, மறுபடி வந்தது. எங்கே ஒதுங்குவதென்று தெரியாமல் தடுமாறுவது தெரிந்தது. முன்பக்கத்து அணியத்தில் நின்றவர் கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்துக் கத்தினார்.

“டேய்! எங்கடா ஊர்?”

அத்தான்.

தண்ணீருக்குள் இறங்கி ஓடினேன். இடுப்பளவில் விழுந்து எழும்பினேன். தோணியைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் உளறினேன். அவர் என் தலைக்கு மேலாகக் கரையையே பார்த்தார். தோணிக்குள் மீன் கிடந்தது. அவர் கட்டியிருந்த சாரம்கூட நனையவில்லை.

“உங்களுக்கு ஒண்டும் நடக்கல்லயா அத்தான்? அலை? அங்க அலை அடிக்கல்லயா?”

“என்ன அலை? விடிஞ்சு ரெண்டு மணித்தியாலம் போன மறுகா தோணிய ஒள்ளுப்பம், ஒரு சாண், தூக்கி வச்சது. தூரத்தில கப்பல் ஏதும் போகுதாக்கும் எண்டு நினைச்சன்.” குரல் இறங்கியது. “கரைய காணல்ல. தென்னையள காணல்ல. வேற ஊருக்கு வந்திட்டனோ எண்டு பாத்தன். மச்சான், உன்ர அக்கா எங்க?”

“அவ கோயில்ல அத்தான். இண்டைக்குப் பூரணைதானே.”

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

“இண்டைக்குக் காலத்தால கோயிலுக்குப் போகல்ல எண்டு சொன்னவ,” என்றார். “நான் வந்து சாப்பிட்ட மறுகா ரெண்டு பேருமாப் போவம் எண்டு சொன்னவ.”

அலை அத்தானுடைய தோணிக்குக் கீழாகப் போயிருக்கிறது. அக்கா வீட்டில் நின்றாள். அன்று பின்னேரம், வாவியின் மறுகரையில், கண்டல் மரங்களுக்குள் அவளை எடுத்தோம்.