ஏர்கோன் வேலை

மலாக்கா டவுனில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை. கேமராவை மெல்லச் சுழற்ற நான் செய்துகொண்டிருக்கும் சின்ன மோட்டாருக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று வேண்டும்.

"ஒரே சுத்துல முடியறது எடுத்தா மோட்டார் குதிக்கும் லா. பத்து சுத்து சுத்துறது எடுங்க அங்கிள். திருப்பிப் பாருங்க, எங்கயும் சிக்கக்கூடாது," என்று கடைக்காரப் பெண் குமிழ்கள் நிறைந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

திருப்பினேன். அந்தக் காலத்தில் அக்கா பார்த்த வேலை இதுதான்.

நாங்கள் செலண்டார் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் இருந்தபோது, விடியுமுன் பேக்டரி பஸ் வந்து அக்காவை ஏற்றிப்போகும். நாள் முழுக்க ஏர்கோன் குளிரில் உட்கார்ந்து குமிழ்களைத் திருப்பிப் பார்த்து, சிக்குவதைப் பொறுக்கித் தனியே போடுவாள். வீடு திரும்பும்போது அவள்மேல் ரப்பர் பால் நாற்றம் இருக்காது. அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை.

ஒருநாள் மாவு பிசைகையில் அக்கா கையை உதறினாள். "விரலு மரத்துப்போவுதும்மா."

"நான் கொசுக்கடியில மரம் வெட்டிப் பால் எடுத்துட்டு வர்றேன். ஏர்கோன்ல உக்காந்துட்டு வர்ற உனக்குக் கை வலியா?" என்றாள் அம்மா. நானும் சிரித்தேன். உட்கார்ந்து செய்வதை எங்கள் லயத்து வீடுகளில் யாரும் வேலையாகவே நினைக்கவில்லை.

இன்று அக்காவால் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாது. அவள் மகள்தான் மாட்டிவிடுகிறாள்.

சிக்காத ஒன்றைத் தேடி டப்பாவில் ஒவ்வொன்றாகத் திருப்பியதில், இருபதாவது குமிழிலேயே என் கட்டைவிரல் கடுத்தது. உதறினேன்.

"கை வலிக்குதா அங்கிள்?"

"இல்லம்மா. ஏர்கோன்லதானே நிக்கிறேன்."