ஆறுமுகசாமி கட்டிய பெட்டி

முன் சீட்டுக்காரர் தூங்கிவிட்டார். அவர் தோளிலிருந்து நழுவித் தொங்கிய துண்டை ஆறுமுகசாமி மெதுவாக உருவினார். ஓர் உதறு. நீளவாக்கில் இரண்டு மடிப்பு, குறுக்கே மூன்று. மடியில் வைத்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. ஓரமும் ஓரமும் ஒட்டி நின்றதும் துண்டைத் திரும்ப அந்தத் தோளிலேயே வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போலச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பல்லடத்தில் கண்விழித்த மனிதர், தன் பழைய துண்டு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருப்பதைக் கண்டு, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனார்.

துண்டை மடித்தவரைத் தப்பு சொல்ல முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் முப்பது வருசமாகப் பேக்கிங் மாஸ்டர். மடிக்காமல் கிடக்கும் துணியைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தி விரிப்பையும் மடிப்பார், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே. ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது, சைஸ்தான் நிற்கும். "நம்ம ராஜ்கமல் வந்தாரா?" என்று கேட்டால், "யாருங்க, அந்த நாப்பத்திரண்டா? இப்பத்தான் டீ குடிச்சுட்டுப் போச்சுங்க" என்பார்.

"மடிக்கறக்கு ஒண்ணும் கெடைக்கலீன்னா இந்த மனுசன் என்னையும் மடிச்சு மேல அட்டாலில வெச்சிருவாருங்க" என்று அவர் மனைவி சித்ராதேவி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். ஆறுமுகசாமி அதை மறுத்ததில்லை.

இவ்வளவு பெரிய கைகாரருக்கு மனசுக்குள் ஒரே ஒரு குறை உண்டு. அவர் கட்டிய பெட்டியைப் பிரிக்கிற ஆளை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெட்டி லாரியில் ஏறும், தூத்துக்குடிக்குப் போகும், கப்பல் ஏறும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். "நாம பாத்துப் பாத்துக் கட்டறோமுங்க. அக்கட்டால எவனோ ஒருத்தன் பிளேடைப் போட்டுப் பிரிக்கறான். பிரிச்சதும் அவன் மூஞ்சி எப்புடி ஆகுமுன்னு ஒருக்காப் பாத்தரோணுமுங்க" என்று டீக்கடையில் சொல்லுவார். ஒரு பீஸில் ஓட்டை இருந்தால் அதைப் போட்டோ பிடித்து உடனே மெயில் அனுப்புகிற வெள்ளைக்காரன், பெட்டி நன்றாக இருந்ததென்று ஒரு வரி எழுதுவதில்லை. மேனேஜர் கதிர்வேலிடம் இதை ஒரு முறை கேட்டும்விட்டார். "பேசாம இருக்கறான்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமுங்கண்ணா" என்றார் கதிர்வேல். ஆறுமுகசாமிக்கு அது போதவில்லை. யாருக்குத்தான் போதும்?

அவர் எட்டாவது வரை படித்த ஊராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில், முன்னாள் மாணவர் என்ற கணக்கில் அவரையும் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வருவார், கடைசிப் பெஞ்சில் உட்காருவார், கையெழுத்துப் போடுவார், தீர்மான நகலை எட்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். வாய் திறந்ததில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு பொம்மலாட்ட மன்றம் உண்டு. அறிவியல் டீச்சர் வினிதா பொறுப்பில், பிள்ளைகளே செய்த ஆறு கைப்பொம்மைகள். காகிதக் கூழில் தலை, அட்டையில் கழுத்து, கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் துணியில் உடம்பு. கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் தலை நிற்கும். உள்ளே கையை விட்டு ஆட்டவேண்டியதுதான். ராஜா, ராணி, பூதம், புலி, கிளி, கருங்குரங்கு. ஊர்க் குளத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்க்கிற பூதத்தை மற்ற ஐவரும் சேர்ந்து விரட்டுகிற கதை. திங்கட்கிழமை வட்டாரக் கலைத் திருவிழாவில் ஆட்டம். சனிக்கிழமை ஒத்திகைக்குப் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்த நேரத்தில்தான் ஐப்பசி மழை காற்றோடு வந்து, சாமான்கள் வைத்திருந்த ஓட்டு அறையின் ஓடுகளைப் பெயர்த்துவிட்டது.

டீச்சர் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினார்: 'பொம்மைகள் நனைகின்றன. கூழ் கரைந்தால் திங்கட்கிழமை ஆட்டமே இல்லை. யாராவது உடனே வாருங்கள்.' நான்கு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், 'எங்க பக்கமும் வெளுத்து வாங்குதுங்க டீச்சர்' என்றார். இன்னொரு புண்ணியவான் ரோஜாப்பூப் படம் அனுப்பி மாலை வணக்கம் சொன்னார்.

கால் மணி நேரத்தில் கம்பெனிச் சரக்கு ஆட்டோ பள்ளிக்குள் நுழைந்தது. ஆறுமுகசாமி இறங்கினார். ஏற்றுமதிக்குப் போகும் முரட்டு அட்டைப்பெட்டி இரண்டு, பாலித்தீன் கவர் ஒரு கட்டு, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்கள் ஒரு பை நிறைய. டேப் ஒட்டும் மிஷினை இடுப்பில் செருகியிருந்தார், போலீஸ்காரர் துப்பாக்கி வைத்திருக்கிற தோரணையில். அறைக்குள் வினிதா டீச்சர் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ராஜாவை மார்போடு அணைத்து நின்றார். ஏழாம் வகுப்பு இந்துமதி பூதத்தைத் தன் பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"மொதல்ல தலையெல்லாம் கழட்டுங்க" என்றார் ஆறுமுகசாமி.

"அய்யய்யோ, எதுக்கு?" என்றாள் இந்துமதி.

"துணி ஊறிப்போச்சு கண்ணு. ஈரத்தோட ஒண்ணாக் கட்டுனா தலை கரைஞ்சு போயிரும். ஈரமும் காய்ஞ்சதும் ஒரே பெட்டில போகக்கூடாது."

நியாயமான பேச்சு. குழுக் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசாத மனிதரா இவர் என்று டீச்சர் வாளியைத் தூக்கிப் பார்த்தார். ஆறு தலைகளையும் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டு, கூடவே இரண்டு பொட்டலம் வைத்துப் பெட்டியில் அடுக்கி, மேலே டேப்பை இழுத்தார். கிறீச்! துணிகள் இன்னொரு பெட்டிக்குப் போயின. திரைச்சீலையும் ஒலிபெருக்கிப் பெட்டியும் வராந்தாவுக்கு மாறின. ஆட்டோவுக்குப் போகும்போது தன் மழைக்கோட்டைக் கழற்றித் தலைகள் இருந்த பெட்டிக்குப் போர்த்தி, கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார். அவர் தொப்பலாக நனைந்தார்.

"ரொம்ப நன்றிங்கண்ணா. காய வெச்சு, திங்கட்கிழமை காலைல போட்டி நடக்கற எடத்துக்குக் கொண்டாந்துட்டாப் போதும்" என்றார் டீச்சர்.

ஆறுமுகசாமி நகரவில்லை. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். "டீச்சருங்க, பெட்டியப் பிரிக்கறப்ப நானும் பக்கத்துல இருக்கலாமுங்களா?"

"இதென்னங்கண்ணா கேள்வி? நீங்க இல்லாமயா?"

வீடு வந்து சேர்கிற வரைக்கும் அவர் வாயில் பாட்டு.

சும்மா காயவைத்துக் கொடுத்திருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுசாக அவர் கையில் இருந்தது. ஃபேனுக்கு அடியில் தலைகளைக் காயவைத்தார். துணிகளை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டார். அதற்குப் பிறகும் பொழுது மிச்சம். ஆறு தலை, ஆறு உடம்பு, நடுவில் வெறும் ரப்பர் பேண்ட். இப்படி அரைகுறையாகவா ஒரு சரக்கைக் கொடுப்பது? நாளைக்குப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கும்போது அசந்துபோக வேண்டாமா? ஊசியைக் கையில் எடுத்தார்.

பனியன் தொழிலில் காலரும் உடம்பும் ஒரே ஷேடாக இருக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் சரக்கு திரும்பி வரும். ஆறுமுகசாமியின் கண் முப்பது வருசமாக அதற்குத்தான் பழகியிருக்கிறது. சிவப்பு மூஞ்சிப் பூதத்தை எடுத்தார். அவர் கண்ணுக்குப் பூதம் தெரியவில்லை, சிவப்பு தெரிந்தது. ராணியின் சிவப்புச் சேலைக்கு நேராகப் பிடித்தார். அப்படியே ஒத்துப்போயிற்று. ராணியின் மஞ்சள் முகம் புலியின் மஞ்சள் உடம்புக்குப் போனது. கிளியின் பச்சைத் தலைக்கு ராஜாவின் பச்சைக் கோட்டு. மாநிற ராஜாவுக்குக் குரங்கின் பழுப்பு உடம்பு, வாலோடு. குரங்கின் கறுத்த தலைக்குப் பூதத்தின் கறுப்பு அங்கி. கடைசியில் மிஞ்சியது புலித்தலை, மிஞ்சிய துணி கிளியின் நீலச் சிறகு. "ஷேடு சேரல, இது ஒண்ணு மட்டும் செகண்ட்ஸுதான்" என்று வருத்தத்தோடு அதையும் சேர்த்தார். சாக்கு ஊசியால் கழுத்தட்டையைச் சுற்றி இரண்டு வரிசைத் தையல். யானை இழுத்தாலும் வராது.

காப்பி கொண்டுவந்த சித்ராதேவி நின்று பார்த்தார். "ஏனுங்க, கோரப்பல்லு வெச்ச மூஞ்சிக்குச் சேலையா கட்டுவாங்க?"

"ஷேடு பாரு புள்ள. பிசகுதா?"

"எதுக்கும் அந்த டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க."

"முப்பது வருசமா எவனைக் கேட்டு நான் பெட்டி கட்டுனேன்?" என்றார் ஆறுமுகசாமி. அவருக்கு ரோசம் வேறு வந்துவிட்டது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு, சவரம் செய்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டி நடக்கும் மண்டபத்துக்குப் போனார். மேடைக்குப் பின்னால் மேசைமேல் பெட்டி. சுற்றிலும் ஆறு பிள்ளைகள். ஆறுமுகசாமி எல்லாருடைய மூஞ்சியும் தெரிகிற மாதிரி இடம் பார்த்து நின்றார். டீச்சர் டேப்பைக் கிழித்தார். மேலே வெள்ளைக் காகிதம், அதற்கடியில் வரிசையாக ஆறு கவர், ஒவ்வொன்றிலும் சைஸ் ஸ்டிக்கர். "அய்யோ, கடை மாதிரி இருக்குது!" என்றாள் ஒருத்தி. ஆறுமுகசாமி கண் இமைக்கவில்லை. இந்துமதி முதல் கவரை உருவினாள். சேலை கட்டிய பூதம் வந்தது.

அடுத்தது சிறகு முளைத்த புலி. அதற்கடுத்தது வாலோடு ராஜா.

நித்தீஷ் என்ற பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இந்துமதி பூதத்தின் தலையைப் பிடித்து இழுத்தாள், திருகினாள், வரவில்லை. அவள் உதடு பிதுங்கியது. "டீச்சர், எல்லாம் போச்சு" என்று அழ ஆரம்பித்தாள். முப்பது வருசமாக ஆறுமுகசாமி பார்க்க ஆசைப்பட்ட மூஞ்சி அது. அவருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

"டீச்சருங்க, எத்தனாவதா நம்ம ஆட்டம்?" என்றார்.

"நாலாவதுங்கண்ணா. ஒரு மணி நேரம்கூட இல்லை."

பையிலிருந்து நூல் வெட்டும் கத்தியை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். தான் போட்ட தையலைத் தானே பிரிப்பது எத்தனை கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு நன்றாகவா தைத்துத் தொலைப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். புலி பிரிந்தது, கிளி பிரிந்தது, ராஜா வாலை விட்டு வந்தார். விரலில் இரண்டு இடத்தில் கத்தி பட்டது. ஐந்து தலைகள் உடம்பைவிட்டு வந்தபோது மைக்கில் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பூதம் மட்டும் சேலையை விடவில்லை. ராணிக்கு வேறு வழியில்லாமல் பூதத்தின் கறுப்பு அங்கி.

இந்துமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பூதத்துக்குள் கையை விட்டாள். சேலையோடு பூதம் திரைக்குமேல் எழும்பியதும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. கறுப்பு அங்கியில் வந்த ராணி ஒரு கணம் திணறி, "என்ற சேலையக் குடுடா பூதமே!" என்றது. ஒத்திகையில் இல்லாத வசனம். "தர மாட்டேன் போ! எனக்குத்தான் எடுப்பா இருக்குது" என்றது பூதம். அதற்குப் பிறகு குளத்துத் தண்ணீரை யார் குடித்தால் என்ன? சேலைச் சண்டையிலேயே ஆட்டம் ஓடியது. முதல் பரிசு வேறொரு பள்ளிக்குப் போயிற்று. இவர்களுக்கு இரண்டாவது. பிள்ளைகள் குதித்த குதியைப் பார்த்தால் எது முதல், எது இரண்டாவது என்று தெரியாது.

எலுமிச்சைச் சோற்றைத் தின்று முடித்துப் பொம்மைகளைக் கட்டைப் பையில் திணிக்கப் போனார்கள். "சித்த இருங்க" என்றார் ஆறுமுகசாமி. அதற்குள் அவர் பூதத்தையும் பிரித்து முடித்திருந்தார். ஆறு தலைகளையும் ஆறு உடம்புகளையும் முன்னால் பரப்பி வைத்து, "கண்ணு, இது யாரு? இதுக்கு எது?" என்று இந்துமதியைக் கேட்டுக் கேட்டு ரப்பர் பேண்ட் மாட்டினார். ஆறையும் கவரில் போட்டு, அடுக்கி, காகிதம் மூடி, டேப்பை இழுத்தார்.

"அப்ப கெளம்பலாங்களாண்ணா?" என்றார் வினிதா டீச்சர்.

அவர் ஒட்டிய டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, பிள்ளை விரலுக்குப் பிடி கிடைக்கிற அளவுக்கு அரை அங்குலம் உள்பக்கமாக மடித்துவிட்டார். பெட்டியை இந்துமதி பக்கம் தள்ளினார்.

"இப்பப் பிரி கண்ணு" என்று சொல்லிவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.