முந்தி வந்த பாலன்

போன வருடம் என் மருமகள் போனிலேயே கிறிஸ்துமஸ் குடில் வாங்கினாள். மறுநாள் சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் பாலனைத் தொட்டிலோடு சேர்த்து ஒட்டியே அனுப்பிவிட்டான். டிசம்பர் பிறந்த அன்றே குடிலில் பிள்ளை. பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் குடில் வைப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவேண்டாம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்த பிறகுதான் அப்பா பாலனை எடுத்து வைப்பார். அதுவரைக்கும் மாதாவும் சூசையப்பரும் வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏழு வயதில் எனக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

அந்த வருடம் அம்மாவுக்கு ஏழு மாதம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் மாதம் நிறையுமுன் பிறந்து, தங்காமல் போய்விட்டன. அதனால் அம்மா கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். சமைத்துப் போட அத்தை வந்திருந்தாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். விளங்கியதா என்றால் இல்லை.

அத்தையிடம் கேட்டேன். "பாலன் இப்ப எங்க கீறாரு?"

"மாதா வயித்துல கீறாரு. போய் வெளயாடு."

நான் விளையாடப் போகவில்லை. மாதா சுரூபத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டை. உள்ளே விரலை விட்டுத் துழாவினால் ஒட்டடைதான் வந்தது. அத்தை சொன்னது பொய் என்று முடிவு கட்டி, வீடு முழுக்கத் தேடினேன். நாலாம் நாள் அப்பாவின் தகரப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், பஞ்சில் சுற்றி வைத்த பாலன் கிடைத்தார். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

பெட்டி முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அப்போதே நான் யோசனைக்காரி. இவர் கை, கால், விரல் எல்லாம் வைத்துத் தயாராக இருக்கிறார். எடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை. அப்படியானால் அம்மாவின் பாப்பாவும் எங்கேயோ தயாராகத்தான் இருக்கும். பெரியவர்கள் சும்மா நாளைக் கடத்துகிறார்கள். இவரை வெளியே கொண்டுவந்தால் அதுவும் வந்துவிடும், அம்மாவும் எழுந்து நடப்பாள்.

அம்மாவின் கட்டிலுக்கு எதிரில்தான் குடில். பாலனைக் கொண்டுபோய் வைக்கோலில் படுக்க வைத்தேன்.

"எம்மா, பாலன் வந்துட்டாரு பாரு. இனிமே நம்ம பாப்பாவும் வந்துடும்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னாடி பண்ணி வச்சிக்கீற? கை சும்மா இல்லன்னா வந்து வெங்காயம் உரி."

"வுடுங்கண்ணி. அதுக்கு இன்னா தெரியும்" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "இன்னும் நாளு கீதும்மா. எட்த்து பஞ்சுல சுத்து, நல்லா சுத்து" என்றாள்.

நான் சுற்றியது பிடிக்காமல் தானே வாங்கிச் சுற்றினாள். பெட்டியில் வைக்கவும் தரவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாலன் அவள் தலையணை ஓரத்தில்தான் இருந்தார். உலகத்தைப் படைத்தவரே ஒரு தாயின் வயிற்றில் ஒன்பது மாதம் பொறுத்திருந்துதான் வந்தார். இது இன்றைக்கு நான் சொல்வது. அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம், நல்லது செய்து அடி வாங்கினோமே என்ற கோபம்தான்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா பாலனை அம்மாவிடமிருந்து வாங்கிக் குடிலில் வைத்தார். எங்கள் பாப்பா வரவில்லை. பொங்கலும் போயிற்று. என் கணக்கு தப்பிப்போனதில் எனக்கு ஒரே அவமானம்.

குடிலைப் பிரித்துச் சில வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. நர்சம்மாவை அழைத்துவர அப்பா சைக்கிளை எடுத்தார்.

"இந்தாய்யா, இன்னிக்கி தேதி இன்னா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

அப்பா சொன்னார். அம்மா விரலை மடக்கி மடக்கி மாதத்தை எண்ணினாள். எண்ணி முடித்ததும் சிரித்தாள். மறுபடி வலி வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானத்துக்குள் தம்பி நல்லபடியாகப் பிறந்தான். எல்லாரும் அவனைப் பார்க்கப் போனார்கள். நான் காலண்டரைப் பார்க்கப் போனேன். வலிக்கிற ஒருத்தி சிரிக்கும்படி அந்தத் தேதியில் என்னதான் இருக்கிறது என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். திருநாள் ஒன்றும் போடவில்லை. வெறும் கறுப்பு எண்தான் இருந்தது.