மணிலாக்கொட்டைக்கு வழிவிட்ட கல்யாணப் பெண்

இன்று காலை காஞ்சிபுரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினேன். ஒரே எஞ்சின்தான். முன்னால் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய சரக்கு வாகன்கள், பின்னால் நாங்கள்.

நடுவழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில், எஞ்சின் இவ்வளவையும் இழுக்காது என்று எங்கள் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள்!

என் பெட்டியில் ஒரு கல்யாணப் பெண்; இன்றைக்கே முகூர்த்தம். அவள் தாயார் கார்டிடம் சண்டைக்குப் போனாள்.

"கப்பலுக்குப் போற சரக்கும்மா. கப்பல் நிக்காது" என்றார் கார்டு.

"முகூர்த்தம் மட்டும் நின்னுக்கினு இருக்குமா?"

கார்டு பச்சைக் கொடியை ஆட்டினார்.

சரக்கு வாகனில் ஏற்றியிருந்த முகூர்த்தப் புடவையும் மூட்டைகளோடு போய்விட்டது. கட்டவேண்டியவள் இங்கே வெயிலில் நிற்கிறாள். அடுத்த எஞ்சின் சாயங்காலம்தானாம்.

டிக்கெட் வாங்கியது நாங்கள், ஊர் போய்ச் சேருவது மூட்டையா?

மாப்பிள்ளை இந்நேரம் மணிலாக்கொட்டைக்குத் தாலி கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

சொல்லுங்கள், உங்களை எந்த ஸ்டேஷனில் கழற்றிவிட்டார்கள்?