அக்காவின் அடையாறு வீடும் அவர் படிக்காமல் கையெழுத்திட்ட காகிதமும்

சின்ன மாமா அக்காவை ஏமாற்றினார்.

நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று வீட்டில் கேட்டார்கள். புகழ்ந்து எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். எனக்கே இது அக்கா போன பிறகுதான் தெரிந்தது.

அக்கா பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு குழாய். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. அக்கா தட்டச்சுத் தேர்வு எழுதி அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "மொதல்ல ஒரு வீடு. எவனும் வந்து காலி பண்ணுன்னு சொல்லாத வீடு. மத்தது அப்பால" என்பார்.

அடையாறில் ஆறு வீடுகள் கொண்ட ஃப்ளாட் ஒன்று எழும்புகிறது என்று தகவல் கொண்டுவந்தவர் சின்ன மாமா, எங்கள் அம்மாவின் தம்பி. கட்டுகிற பில்டர் அவருக்குப் பழக்கம். அக்கா உடனே பணம் கட்டிவிடவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தெருவிலேயே ஏற்கெனவே குடிவந்திருந்த ஃப்ளாட்டுகளில் மாடி மாடியாக ஏறினார். கதவைத் தட்டி, "வீடு வாங்கின பின்னாடி எதெதுக்குக் காசு போச்சும்மா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னாக்கா, முன்ன பின்ன தெரியாதவங்க வூட்ல போயி கேட்டுக்கினு கீற?" என்றேன்.

"தெரிஞ்சவங்க பெருமை மட்டுந்தான்டா சொல்றாங்க" என்றார்.

ஒரு வீட்டு அம்மாள் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "பத்திரச் செலவ எல்லாரும் சொல்லுவாங்க. மோட்டார் எரியறத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எங்க மோட்டார் வருஷத்துக்கு ரெண்டு தரம் எரியுது. ஒவ்வொரு தரமும் மாடி வீட்டுக்காரரு பங்கு குடுக்காம ஊருக்குப் போயிடுவாரு."

"எத்தினி நாளைக்கு?"

"மோட்டார் ரெடி ஆவற வரைக்கும்."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார் அக்கா. ஆனால் வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மோட்டாரையும் எழுதிக்கொண்டார். முத்திரைத்தாள், பதிவு, மின்சார டெபாசிட், குடிநீர் இணைப்பு, கோடையில் தண்ணீர் லாரி, வாட்ச்மேன், மாடிப்படி விளக்கு, மழைக்குப் பின் வரும் சுவர்க் கசிவு எல்லாம் அதில் இருந்தன. மின்சாரத்தையும் குடிநீரையும் மட்டும் பிறகு அடித்துவிட்டார். "அது ரெண்டும் பில்டர் பொறுப்பு, ஒப்பந்தத்துலயே கீது. நான் பாத்துக்கறேன்" என்று மாமா சொன்னதால் அடித்தார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. மாமா அதில் பொய் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டில் தை மாதம் வந்தபோது வீட்டில் சுவர் இருந்தது, கூரை இருந்தது, தண்ணீர் இல்லை, மீட்டர் இல்லை. தையை விட்டால் மாசியும் பங்குனியும் கிரகப்பிரவேசத்துக்கு ஆகாது, சித்திரைதான். அவசரம் எனக்காக. மாசியில் என் கல்யாணப் பேச்சுக்குப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. சொந்த வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இதை மறைத்துவிட்டு மாமாவை மட்டும் குறை சொன்னால் அது யோக்கியமில்லை. மற்ற ஐந்து வீட்டாரும் பொறுத்திருந்தார்கள். நாங்கள் தையில் பால் காய்ச்சினோம்.

செங்கல் அடுப்பில் விறகு புகைந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு பானையைப் பிடித்திருந்தார். அப்போது சின்ன மாமா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இன்னா மாமா இது?"

"சாவி குடுத்ததுக்கு ரசீதும்மா. போடு."

"வையி மாமா, பால் பொங்கட்டும். படிச்சிட்டுப் போடறேன்."

"இந்தாம்மா, நல்ல நேரம் போவுது. ஊருக்கே லெட்டர் அடிச்சுக் குடுக்கற, ஒரு ரசீதுக்கு இம்மாம் யோசனையா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நாள் முழுக்க அடுத்தவர் கடிதத்தை எழுத்து எழுத்தாகப் பார்க்கிற அக்கா, தன் கடிதம் ஒன்றைப் படிக்காமல் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அது ரசீது இல்லை. வேலைகள் எல்லாம் முடிந்த நிலையில் வீட்டை ஒப்புக்கொண்டேன், இனி பில்டர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்ற கடிதம். சித்திரையில் மற்ற ஐந்து வீடுகளுக்கும் பில்டர் தன் செலவில் குடிநீரும் மின்சாரமும் வாங்கித் தந்தார். எங்களுக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினார். அக்கா அலுவலகம் முடிந்து மயிலாப்பூரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் இரண்டு வருடம் உட்கார்ந்து அந்த இரண்டு இணைப்புக்குமான பணத்தைக் கட்டினார். அதுவரை லாரித் தண்ணீரைக் குடத்தில் இரண்டாம் மாடிக்குத் தூக்கினார். என்னிடம், "படிக்காம போட்டது என் தப்புடா" என்று மட்டும் சொன்னார். பில்டர் மாமாவையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அக்காவின் இதயக் கோளாறு அப்பா வழியில் வந்தது. மாமாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். அப்போதும் மாடித் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டால், "மோட்டார நிறுத்துடா" என்பார். அந்த வீட்டில்தான் கண்மூடினார். யாரும் அவரைக் காலி செய்யச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தியில் மாமா சொன்னார்: "நல்ல பொண்ணு. ஆனா செலவு கணக்கு தெரியாது. வூட்ட வாங்கிட்டுத் தெணறிடுச்சு." உறவினர்கள் தலையாட்டினார்கள். அக்காவைப் பற்றி இன்று எல்லோரும் சொல்வது இதுதான். அதனால்தான் பீரோவைத் திறந்து அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தேன். சாட்சிக் கையெழுத்து மாமாவுடையது. பில்டரைப் போய்ப் பார்த்தேன். "நான் எதுக்கு சார் மறைக்கணும்? கடைசியா வித்த உங்க அக்கா வீட்டுக்கு உங்க மாமா கமிஷன் கேட்டாரு, கையில இல்லன்னேன். அந்த வீட்டுக் கரண்ட்டு, தண்ணி செலவ மிச்சம் பண்ணிக் குடுத்தா தருவியான்னாரு" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்த, காத்திருப்புக்குக் காசு வாங்காத ஆட்டோக்காரருக்கு. முறைவைத்து வந்து உட்கார்ந்திருந்த அலுவலகத் தோழிகளுக்கு. கஞ்சி வைத்துக் கொடுத்த கீழ்வீட்டு அம்மாளுக்கு. அக்காவை ஒரு தாய் போலக் குளிப்பாட்டிய என் மனைவிக்கு. எல்லோருக்கும் என் வணக்கம்.

சின்ன மாமா, இந்த மலரை வருடத் திதியன்று பந்தி தொடங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பில்டர் சொன்னது பொய்யென்றால் பொய்யென்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். அக்காவுக்குக் கணக்குத் தெரியாது என்று எந்த உறவினர்கள் முன்னால் சொன்னீர்களோ, அவர்கள் முன்னால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். பால் காய்ச்சிய அன்று அக்காவிடம் நீட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?