எலி தின்ற இடம்

காலையில் போனைத் திறந்தால் கோமதி பேசுகிறாள். அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது. குடும்பக் குழுவில் ஏதோ ஒரு ஒன்றுவிட்ட உறவு மறுபடியும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறது. கீழே வரிசையாக இதயங்கள், கும்பிடுகள். அத்தை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்கள் என்று ஒரு பாராட்டு வேறு. என் மனைவி அறுபது வயதில் சாகும்வரை ஒருநாளும் தெளிவாகப் பேசியதில்லை. அவளுக்குத் திக்குவாய்.

வீடியோ பாதியில் தடுமாறியது. நெட் மந்தமானால் படம் தன் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். மூக்கும் கண்ணும் சதுரம் சதுரமாக உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கூடிக்கொள்கின்றன. அதை மன்னித்துவிடுவேன், ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. இல்லாதபோது குறைத்துக் கொடுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. இல்லாததைச் சேர்த்துக் கொடுப்பதற்கு நான் வேலை பார்த்த இடத்தில் வேறு பெயர் உண்டு. தண்டனையும் உண்டு.

கோர்ட்டில் நகல் பிரிவில் சேர்ந்தேன். இன்றைக்கும் எங்காவது கார்பன் தாளும் பசையும் கலந்த வாடை அடித்தால் கை தானாகச் சட்டைப்பையில் பேனா தேடும். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இன்னொருவர் நகலில் விரல் வைத்துத் தொடர வேண்டும். அடித்திருந்தால் அடித்திருக்கிறது என்றும், மை கொட்டியிருந்தால் கொட்டியிருக்கிறது என்றும் நகலில் குறிக்க வேண்டும். மூலம் தப்பாக இருந்தால் நகலும் அதே தப்போடு இருந்தால்தான் அது சரியான நகல். இது உலகத்துக்குப் புரிவதில்லை.

சேர்ந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவரின் பழைய வாக்குமூலத்தில் ஒரு ஓரத்தை எலி கடித்திருந்தது. முன்னும் பின்னும் பார்த்தால் போன வார்த்தை இன்னதுதான் என்று குழந்தைக்கும் தெரியும். நிரப்பிவிட்டேன், அழகான கையெழுத்தில். எதிரே மூலத்தை வாசித்துக்கொண்டிருந்த சகா, என்னைவிட ஒரு வருஷம்தான் மூத்தவர், வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"வே, எலி தின்னது உமக்கு எப்படித் தெரியும்? எலிகிட்ட கேட்டீரா?"

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, "இவ்விடம் எலி கடித்துள்ளது" என்று எழுதிப் புது நகல் கொடுத்தேன். பிரிவு முழுக்க ஒரு மாதம் என்னை 'எலியாரே' என்று கூப்பிட்டார்கள்.

இவ்வளவு அடிபட்டவன் வீட்டில் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அந்த வருஷம்தான் கல்யாணம். கோமதிக்கு முதல் எழுத்துதான் மலை. அதை ஏறிவிட்டால் மிச்சம் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒருநாள் சாப்பிடும்போது அவள் 'ர... ர...' என்று நின்றாள். நான் பெரிய உதவி செய்வதாக நினைத்து, "ரசமா?" என்றேன். ரசம்தான். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் வந்து நிதானமாகச் சொன்னாள்.

"எ... எ... என் வார்த்தைய நான்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் நீங்க சும்மா இருக்கணும்."

அதன்பிறகு சும்மா இருந்தேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே அரசாணை அதுதான். அவளும் ஒன்றும் பரிதாபத்துக்குரிய பிறவியில்லை. பூச்சந்தையில் அவள் 'கொ... கொ...' என்று தொடங்கினாலே, காத்திருக்கப் பொறுமையில்லாத பூக்காரி கொசுறாக ஒரு கை மல்லியை அள்ளிப் போட்டுவிடுவாள். ஒரு தடவை வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள், அன்றைக்கு அவள் கேட்க வந்தது கொசுறு இல்லையாம், கொழுந்தாம், மல்லியோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்து.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு எடுத்தது. கோமதி பிறந்த வீட்டில் ஒரு வழக்கம்: பால் பொங்கியதும் வீட்டுக்காரி அதை வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் குலவை. பால் விளிம்புக்கு வந்தது. இவள் 'ப... ப...' என்று நிற்கிறாள். பால் வழிகிறது. அடுப்பு புகைகிறது. வீடியோக்காரன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வியர்க்கிறான். சுற்றி நின்ற பெண்கள் நாக்கை மடித்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. ஒருத்தியும் எடுத்துக் கொடுக்கவில்லை. பாதிப் பால் அடுப்பில் போன பிறகு, "பால் பொங்கிட்டு" என்றாள். அப்படி ஒரு குலவையை அதன்பிறகு நான் கேட்டதில்லை. அவள் குரல் பதிவாகியிருந்தது அந்த ஒரு கேசட்டில்தான். அவளுக்குப் போனில் பேசவே பிடிக்காது.

அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தால் கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் அவள் தம்பி சண்முகம், ஆண்டுத் திதிக்குள் சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிப்போனான். எங்கோ ஒரு வடநாட்டு நகரத்தில் ஒரு கம்பெனி. கேசட்டைக் கூரியரில் அனுப்பினால் துடைத்து, மெருகேற்றி, இணையத்திலேயே அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் என் போனுக்கு இணைப்பு வந்தது. கூடவே ஒரு கேள்வி: பார்த்துத் திருப்தியா, மூலத்தை அழித்துவிடலாமா?

பணியின் கடைசி ஐந்து வருஷம் ஆவண அறையில் இருந்தவன் நான். அங்கே நகலைச் சரிபார்ப்பது என்றால் முதல் பக்கம், கடைசிப் பக்கம், கையெழுத்து. எல்லோரும் அப்படித்தான் செய்தோம், ஒருவரும் மாட்டவில்லை. அதே முறையில் முதல் ஐந்து நிமிஷம் பார்த்தேன்: வாழைமரம், நாதஸ்வரம், ஹோமப் புகை. கடைசி ஐந்து நிமிஷம்: பந்தி. படம் பளிங்கு மாதிரி இருந்தது. பூஞ்சை பிடித்த டப்பா இனி எதற்கு? 'சரிபார்க்கப்பட்டது, அழிக்கலாம்' என்று தமிழிலேயே தட்டி அனுப்பினேன். அதில் ஒரு மிடுக்கு வேறு.

திதியன்று சாப்பாடு முடிந்து எல்லோருமாக டிவியில் போட்டுப் பார்த்தோம். பால் விளிம்புக்கு வந்தது. உடனே, "பால் பொங்கிட்டு." செய்தி வாசிப்பவள் மாதிரி. ஒரு சொட்டுப் பாலும் வழியவில்லை. காத்து நின்ற முகங்களையெல்லாம் காணோம். தேவையில்லாத இடைவெளி என்று அந்த இயந்திரம் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடம் தெரியாமல் அவள் உதட்டையும் மாற்றி ஒட்டியிருந்தது. கூடத்தில் கைதட்டல். நான் சண்முகத்தைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்றேன்.

"திக்கல நீக்கணுமான்னு கேட்டிருந்தான், நான்தான் டிக் போட்டேன், அத்தான். பள்ளிக்கூடத்துல என்னைய எல்லாவனும் அக்கா மாதிரியே பேசிக் காட்டித்தான் கூப்பிடுவான். அவ கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகுனது உங்களுக்குத் தெரியுமா? அவ ஆசப்பட்டதே இப்படிப் பேசணும்னுதான்."

கண்ணாடி விஷயம் எனக்குத் தெரியாது. ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் இதைச் சொன்னது அவள் இல்லை. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அதற்காக நான் அவனை மன்னிக்கவில்லை.

கம்பெனிக்கு முறைப்படி எழுதினேன்: பொருள், பார்வை, இணைப்பு, எல்லாம் வைத்து. மெருகேற்றுவதற்கு முந்திய பதிவை அவர்கள் வைத்திருப்பதில்லையாம். அழிக்க ஒப்புதல் தந்தது நான்தானாம். என் வாக்கியத்தையே படமாக எடுத்து அனுப்பியிருந்தார்கள். அடியில், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. அந்த ஊர்க்காரர்களைத் திட்டுவதற்கு எனக்குத் தெரிந்த சொற்கள் அத்தனையும் இங்கே அச்சாகாது. என்னைத் திட்டிக்கொள்ள வைத்திருப்பவையும் அதே சொற்கள்தான்.

ஞாபகம் இருக்கிறதே, அது போதும் என்று கொஞ்ச நாள் இருந்தேன். ஆனால் குழுவில் மாதம் ஒரு தடவையாவது யாராவது அதை அனுப்புகிறார்கள். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் அவள் முகம் ஆயிற்றே, பார்த்துவிடுகிறேன். போன வாரம் ஒரு மத்தியானம், வீட்டில் தனியாக இருக்கும்போது, அவள் 'ப'வில் நிற்பதைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நிற்பாள், உதடு எப்படிக் குவியும், எத்தனையாவது தடவையில் விடும் என்றெல்லாம் பிடித்துப் பார்த்தேன். நிற்கவே மாட்டேன் என்கிறாள். தடங்கலில்லாமல் சொல்லி முடித்துவிடுகிறாள்.